மேப்பிளுக்கு ஊற்றிய தண்ணீர்

சிறோக்கோ வீசத் தொடங்கியிருந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து கடல் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்று பலேர்மோவுக்குள் நுழைந்துவிட்டால் தெருநாய்கூட வெளியே தலை நீட்டாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊரே யன்னல்களை இறுக்கிச் சாத்திக்கொண்டு இருட்டுக்குள் படுத்துவிடும். சிவமலரும் குசினி யன்னலின் மரச்சட்டங்களைச் சாத்திவிட்டுத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டங்களின் இடுக்கால் தோட்டம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. எலுமிச்சங்காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, போகன்வில்லாக் கொடி சுவரை அறைந்துகொண்டிருந்தது, கொடியில் போட்ட படுக்கை விரிப்பு காற்றை வாங்கி உப்பிப் பறக்கப் பார்த்தது, செம்மண் தூசி ஒன்று எங்கிருந்தோ வந்து எல்லாவற்றின் மேலும் படிந்துகொண்டிருந்தது.

அதன் நடுவில் சிஞ்ஞோராவின் மேப்பிள் மரம் மட்டும் அசையாமல் நின்றது.

காற்று அதில் படவில்லை என்று முதலில் நினைத்தாள். மதில் மறைக்கிறதாக்கும், மேற்குப் பக்கத்து நாணல் தட்டி மறைக்கிறதாக்கும். ஆனால் தட்டியே ஆடிக்கொண்டிருந்தது. மரத்தின் அடியில் கிடந்த காய்ந்த சருகுகள் சுழன்று எழும்பின. அந்த ஊதா நிற இலைகள், விரல் விரித்த கைகளைப் போன்ற இலைகள், ஒன்றுகூட நடுங்கவில்லை. ஆட்கள் கதைப்பதை ஒட்டுக் கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி நின்றது. சிவமலர் ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைத்தாச்சிக்குக் கண் கலங்குவது புதினமா என்று தனக்குத் தானே சொல்லிவிட்டு மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள்.

அந்தப் பெரிய வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. வீட்டு எசமானி சிஞ்ஞோரா கார்லொத்தா வெயில் தாங்காமல் வடக்கே மலைப்பக்கம் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். செப்டெம்பரில்தான் திரும்புவார். போகும்போது வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் வெள்ளிச் சாமான்களைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னவர், மரத்தைப் பற்றி மட்டும் காரை வாசலில் காத்திருக்க வைத்துவிட்டுக் கதைத்தார். அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது வடக்கிலிருந்து கொண்டுவந்து வைத்த மரம். யப்பான் சாதி. பலேர்மோவின் வெயிலும் சுண்ணாம்பு மண்ணும் அதற்கு ஆகாது. அதனால் பெரிய கிடங்கு வெட்டி, உள்ளூர் மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, மக்கிய இலையும் பைன் பட்டையும் நிரப்பி, தட்டி கட்டி நிழல் கொடுத்து, வீட்டில் ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்பது போல வளர்த்தார்கள். குழாய்த் தண்ணீரைக் காட்டவே கூடாது. மாரியில் கூரையிலிருந்து பிடித்து நிலத்தடித் தொட்டியில் சேர்த்த மழைத்தண்ணீர் மட்டுமே.

ஊரில் மரம் என்றால் காய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல நிழலாவது தர வேண்டும். இது இரண்டுக்கும் இல்லை, பார்க்க மட்டும். அதற்கு இந்தப் பாடா என்று சிவமலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிஞ்ஞோராவின் முன்னால் சிரித்ததில்லை.

"சில்வியா, இந்த மரம் பட்டுப்போனால் நீ வேறு வீடு பார்த்துக்கொள்," என்று சிஞ்ஞோரா காரில் ஏறும்போது சொன்னார். சிவமலர் என்ற பெயர் வாயில் நுழையாததால் அவள் வந்த நாள் முதலே சில்வியாதான். சிஞ்ஞோரா புன்னகையோடுதான் சொன்னார். புன்னகையோடு சொன்னதால் அது பொய்யாகிவிடாது என்பது சிவமலருக்குத் தெரியும்.

வேறு வீடு என்பது சின்ன விசயமில்லை. இலையுதிர் காலத்தோடு அவளுடைய பெர்மெஸ்ஸோ முடிகிறது. இந்த நாட்டில் இருப்பதற்கான அந்தக் கடதாசியைப் புதுப்பிக்க வேண்டுமானால், சிஞ்ஞோரா கையெழுத்து வைத்து, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்கும் கூட வந்து, இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதுவரை வயிற்றை மறைக்க வேண்டும். கடதாசி கைக்கு வந்த பிறகு கணவனோடு ஓர் அறை எடுத்துப் போய் இருந்து பிள்ளையைப் பெறலாம். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. கல்யாணம் கட்டி முக்கால்வாசிக் காலம் அவர் ஒரு நாட்டிலும் இவள் ஒரு நாட்டிலும் கிடந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்து, இரண்டு தரம் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை இது. தொளதொளவென்ற சட்டை போட்டுக்கொண்டு சிவமலர் சிஞ்ஞோராவின் கண் முன்னால் நடமாடினாள். மரத்தில் ஓர் இலை சுருண்டால் மாடியிலிருந்தே கண்டுபிடிக்கும் மனிசி, ஒரே வீட்டில் நடமாடுகிறவளின் வயிற்றைக் கவனிக்கவேயில்லை.

சிஞ்ஞோரா போன கொஞ்ச நாளில் நிலத்தடித் தொட்டி வெடிப்பு விட்டுத் தண்ணீர் வடிந்துவிட்டது. ஒரு காலை வாளியை இறக்கினால் அடியில் சேறு மட்டும் சப்பென்று ஒட்டியது. மழை இனி ஒக்டோபரில்தான். குழாயிலோ ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும், அதுவும் காய்ந்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். வேறு வழியில்லாமல் அதைத்தான் ஊற்றினாள். மேப்பிளின் இலைகள் நெருப்புக்குக் கிட்டக் காட்டிய கடதாசி போல ஓரத்திலிருந்து கருகத் தொடங்கின. தொட்டால் நொறுங்கின. அவள் ஒவ்வொரு காலையும் விழுந்த இலைகளைப் பெருக்கி, யாரும் காணக்கூடாது என்பது போலப் பைக்குள் போட்டுக் கட்டினாள். இருந்தது அவள் மட்டும்தான், இருந்தும் அப்படித்தான் செய்தாள்.

அவளுடைய கணவன் பேரின்பநாயகத்துக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்துக் குசினியில் வேலை. அவர்கள் எறியும் மீன் தலைகளைச் சுற்றிக்கொண்டு தன் ஓய்வு நாளில் ஸ்கூட்டரில் வருவார். "இதிலைதான் ருசி முழுக்க இருக்கு. இவங்களுக்கு எங்கை தெரியுது," என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், முதல் முறை சொல்வது போலவே. அப்படி அவர் வைத்துவிட்டுப் போன வாள்மீன் தலை ஒன்றை வெட்டும்போதுதான் எலும்பு வழுக்கிக் கத்தி அவளுடைய உள்ளங்கையில் இறங்கியது. நல்ல ஆழம். மீன் கழுவிய கோப்பைத் தண்ணீர் சிவந்தது. மீனின் இரத்தமும் அவளுடையதும் ஒன்றாகச் சுழன்றன. கையைச் சீலைத்துண்டால் கட்டிவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிடப் போனவள் நின்றாள். ஊரில் மீன் கழுவின தண்ணீரை யாராவது வீணாக்குவார்களா? எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் அதுதான் மருந்து. முந்திரிகைக் கொடிக்கு ஆட்டு இரத்தமே ஊற்றுவார்கள். மரம் எந்த நாட்டுச் சாதியாக இருந்தால் என்ன, வாய் இருந்தால் குடிக்கும்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் மேப்பிளின் அடியில் மெல்ல மெல்லச் சரித்தாள். பைன் பட்டைகள் சரசரவென்று உறிஞ்சின. சோறு தீத்தும்போது பிள்ளையோடு கதைப்பது போல அவள் வாய் தன்பாட்டில் சொன்னது: "குடி. குடிச்சிட்டு எழும்பு. நீ தப்பினாத்தான் என்ர பிள்ளையும் தப்பும்."

அடுத்த நாள் காலையில் பூனைகள் மதிலில் வரிசையாக இருந்தன. மீன் வாசத்துக்கு வந்திருக்கும். ஆனால் ஒன்றும் கீழே குதிக்கவில்லை. மதிலில் பதுங்கி மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மீன் வாசமே இல்லை. ஓர் ஈகூட மொய்க்கவில்லை. துடைத்து எடுத்தது போலச் சுத்தமாக இருந்தது.

அதிலிருந்து மரம் தேறத் தொடங்கியது. கருகிய நுனிகளில் அரும்பு வெடித்தது. சிவமலருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தெருவில் மூன்று சில்லு வண்டியில் கூவிக்கொண்டு வருகிறவனிடம் சாளை வாங்கி, காயம் கசியும் கையாலேயே கழுவிக் கழுவி ஊற்றினாள். சிறோக்கோ வந்து, எல்லாம் ஆட, அது மட்டும் ஆடாமல் நின்ற அந்த மத்தியானம் வரை அவள் தன் கெட்டித்தனத்தை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று பின்னேரம் காற்று விழுந்தது. அறுத்துவிட்டது போல ஒரேயடியாக நின்றது. எலுமிச்சை நின்றது, போகன்வில்லா நின்றது. விரிப்பை எடுக்கத் தோட்டத்துக்குள் இறங்கியவள் ஒரு சத்தம் கேட்டாள். ஈர உள்ளங்கைகளை ஒன்றோடொன்று மெதுவாகத் தேய்க்கும் சத்தம். திரும்பினாள். காற்றில்லாத தோட்டத்தில் மேப்பிளின் இலைகள் அசைந்தன. எல்லாம் இல்லை. புதிதாக விட்ட சின்ன இலைகள் மட்டும். விரிந்தன. மடங்கின. விரிந்தன. பிறந்த பிள்ளை நித்திரையில் கையை மூடித் திறப்பது போல. ஓட வேண்டும் என்று கால் நினைத்த அந்தக் கணத்தில்தான் வயிற்றுக்குள் அது நடந்தது.

துடிப்பு. சின்னதாக, உள்ளேயிருந்து ஒரு விரல் தட்டியது போல.

அவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் தட்டியது. பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதல் இரண்டும் இந்த அளவுக்கு வரவேயில்லை. சிவமலர் அந்த மரத்தடியில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மத்தியானம் உணவகத்து இடைவேளையில் பேரின்பநாயகம் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுத் தொலைபேசியின் எண்வட்டுக்கு சிஞ்ஞோரா ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தார். வருகிற அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் அழைக்க முடியாது.

"இஞ்சருங்கோ, பிள்ளை துடிக்குது."

"என்ன சொல்லுறீர்?"

"துடிக்குது எண்டுறன். நேற்றைக்குத்தான் முதல். மரத்தடியிலை நிக்கேக்கை."

"முருகா" என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அன்று பின்னேரம் சிஞ்ஞோராவின் அழைப்பு. வழக்கம் போல அவளுடைய சுகத்தைக் கேட்கவில்லை.

"மரம் எப்படி?"

"நல்லாக இருக்கிறது, சிஞ்ஞோரா. புது இலை விட்டிருக்கிறது."

"ஓகஸ்டில் மேப்பிள் புது இலை விடாது, சில்வியா."

"விட்டிருக்கிறது. சின்னச் சின்னதாக."

"நல்லது," என்றார் சிஞ்ஞோரா, குரல் ஒரு மாதிரி இளகி. "செப்டெம்பருக்குப் பிறகும் நீ அந்த வீட்டிலேயே இரு. எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

எந்தச் சொல்லுக்காக அவள் இத்தனை மாதம் ஏங்கினாளோ அதே சொல். கேட்டதும் ஏனோ யன்னல் இடுக்கால் மரத்தைத்தான் பார்த்தாள்.

பிள்ளை கேற்றுக்கு வெளியே துடிப்பதில்லை என்பதை அவள் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன வழியில் கண்டுபிடித்தாள். வெயிலில் நடந்தால் பிள்ளை உறங்கும் என்று யாரோ சொன்னதை நினைத்துக்கொண்டாள். மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகிற கார்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின, வெள்ளைக்காரப் பிள்ளைகள் காற்றடைத்த வளையங்களோடு ஓடின. சிவமலர் பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே காது கொடுத்துக்கொண்டு நடந்தாள். ஒன்றுமில்லை. வெறும் பாரம். திரும்பி வந்து கேற்றைத் தள்ளிக் காலை உள்ளே வைத்ததும் படபடவென்று துள்ளியது. அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த தரம் அவள் பாண் வாங்கப் போகவில்லை.

ஓய்வு நாளில் பேரின்பநாயகம் வந்து, விடாப்பிடியாக நின்று, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் கொன்சுல்தோரியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடுமுறைக் காலம், டொக்டர் இல்லை. வியர்த்து வழிந்த ஒரு தாதி அவள் வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை வைத்து அழுத்தினாள். இரைச்சல் வந்தது. கடல் இரைவது போல. தாதி இடம் மாற்றினாள். இரைச்சல். இன்னும் அழுத்தினாள். இரைச்சல் மட்டும்தான். தாதியின் முகத்தில் இருந்த சோம்பல் கழன்று விழுவதை சிவமலர் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்," என்றாள் தாதி, அவளைப் பாராமல் கணவனைப் பார்த்து. "இப்போதே."

வெளியே வந்ததும் சிவமலர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டை போவம்."

"உமக்கென்ன விசரே? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுறா!"

"பெர்மெஸ்ஸோ அங்கை கிடக்கு. அது இல்லாமல் போனால் ஆர் பார்ப்பினம்? முதல் வீட்டை கொண்டுபோய் விடுங்கோ." அது பொய். பெர்மெஸ்ஸோ அவளுடைய கைப்பைக்குள்தான் கிடந்தது. கட்டிய நாளிலிருந்து அவருக்கு அவள் சொன்ன முதல் பொய்.

வழியெல்லாம் அவருடைய முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாள். செத்த மாதிரிக் கிடந்தது உள்ளே. கேற்றைத் தாண்டினார்கள். துள்ளியது. அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பேரின்பநாயகத்தின் வாய் திறந்தபடி நின்றது. அது உதைத்தது, திரும்பவும் உதைத்தது, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வது போல உதைத்தது.

"அட, அந்த மிசின்தான் பழுது!" அவர் சிரித்தார். கண்ணீர் வர வரச் சிரித்தார். "உங்கடை மிசினைக் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ எண்டு சொல்லவேணும் அவளுக்கு. இப்பிடி உதைக்குது! இதைக் கேக்கேல்லையாம்!"

"இஞ்சருங்கோ. வெளியிலை போனால் துடிக்காது. இந்த மரத்துக்குக் கிட்ட நிண்டால்தான் துடிக்குது."

அவர் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலையைத் தடவினார். "தனிச் சீவியம், சிவம். மனிசருக்கு என்னவெல்லாம் தோன்றும். பிள்ளைக்கு இஞ்சை குளிர்மையாய் இருக்காக்கும். அப்ப இஞ்சையே இரும். ஒரு இடமும் அலையாதையும்." பிறகு மீன் தலைகள் நிறைந்த பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, உணவகத்தில் ஓகஸ்ட் பெருநாள் கூட்டம், கொஞ்ச நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லி, விசிலடித்துக்கொண்டு போனார். தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆளும் தன்னை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போவதை சிவமலர் கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெருநாள் வந்தது. அயல் வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. மீன் வண்டிக்காரன் வருவதை நிறுத்தினான். பை வெறுமையானது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். அது மேலேயே தேங்கி நின்றது. மரம் குடிக்கவில்லை.

இலைகள் தொங்கின. வயிற்றுக்குள் உதை இளைத்தது. காலையில் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு ஏதோ புரண்டது போல ஒரு சந்தேகம். அவள் குசினிக்கும் மரத்துக்கும் நடுவில் நடந்தாள். நடந்தாள். உள்ளங்கையில் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அதைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் இல்லை, முதல் நாளிலிருந்தே தெரியும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. மீனுக்காக அது எழும்பவில்லை.

காயத்தைக் கத்தி நுனியால் திறந்து வேரடியில் பிடித்தாள். சொட்டுகள் நிலத்தில் படவில்லை போலிருந்தது, அவ்வளவு வேகமாக உள்ளே போயின. வயிறு துள்ளியது. அவள் தாய். வேறென்ன செய்வாள். அடுத்த நாளும் பிடித்தாள். அதற்கடுத்த நாளும்.

பிறகு எழும்ப முடியாமல் கண் இருட்டியது. அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. தான் விழுந்தால் பிள்ளையும் இல்லை. மரத்தை அழித்துவிட்டால் பிள்ளை விடுபடுமோ என்று, கொப்பு வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அடியிலிருந்து வேண்டாம், முதலில் ஒரு கொப்பு, விரலளவு கொப்பு. கத்தரியை வைத்து நெரித்தாள்.

அடிவயிற்றில் ஒரு நூலைச் சுண்டி இழுத்தது. கத்தக்கூட முடியவில்லை. முழங்காலில் விழுந்தாள். பாதி வெட்டுப்பட்ட கொப்பு தோல் பிரிந்து தொங்கியது. உள்ளே பச்சையில்லை. ரோசா நிறம். ஈரம். சிவமலர் தன் பாவாடைக் கரையைக் கிழித்து, அந்தக் கொப்பைச் சேர்த்து வைத்துச் சுற்றிக் கட்டினாள். குழந்தையின் கைக்குக் கட்டுவது போல, இறுக்காமல். "இல்லை, இல்லை, இனிச் செய்யமாட்டன்," என்றாள். "நோகுதோ? இனிச் செய்யமாட்டன்."

விட்டுப் போகவும் முடியாது. வெட்டவும் முடியாது. இருக்கவும் முடியாது.

அடுத்த நாள் காலையில் கைப்பையையும் மாற்றுடுப்பையும் எடுத்துக்கொண்டாள். உயிரோடு இரண்டு பேரில் ஒருவராவது வெளியே போக வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை டொக்டர்மார் இருக்கிறார்கள், எத்தனை மிசின்கள், அங்கே ஏதாவது செய்ய மாட்டார்களா. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினாள். உள்ளே பாரம். அசைவில்லை. உணவகத்தில் யாரோ எடுத்துக் கத்தி, பிறகு அவருடைய குரல்.

"வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இண்டைக்கே. என்ன நடந்தாலும் பரவாயில்லை."

"என்ன, என்ன நடந்தது?"

"வாங்கோ!"

"சரி, சரி. மத்தியானம் கூட்டம் முடிய வாறன். நீர் அழாதையும். வாறன்."

கூண்டிலேயே நின்றிருக்கலாம். வெயிலில் தெருவோரம் குந்தியிருந்திருக்கலாம். ஆனால் மத்தியானம் தூரத்தில் கிடந்தது. அதுவரை பிள்ளையை அந்த அமைதிக்குள் விட்டுவைக்க அவளால் முடியவில்லை. கடைசியாக ஒருமுறை அது துள்ளுவதைக் கேட்டுவிட்டுப் போகலாம். அவர் வரும்வரை மட்டும். கேற்றைத் திறந்து உள்ளே போனாள்.

மேப்பிள் அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது போல நின்றது. அடியில் மட்டும் குளிர்மையாக இருந்தது, கிணற்றடிக் குளிர்மை. பையைத் தலைக்கு வைத்துச் சரிந்தாள். வெயில் ஊதா இலைகளுக்குள்ளால் வந்து அவள் கைகால்களை ஊதாவாக்கியது. வயிற்றில் பிள்ளை நீந்தியது. இதுவரை இல்லாத அளவுக்கு நீந்தியது, ஏதோ வழி கண்டுவிட்டது போல. கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தாள். இலைகள் தேய்ந்துகொண்டன. தாலாட்டின் ஒலி மட்டும், சொல் இல்லாமல். மூடக்கூடாது. மூடக்…

ஸ்கூட்டர் சத்தம்தான் எழுப்பியது.

"சிவம்!" கேற்றடியில் பேரின்பநாயகம். பூட்டியிருந்தது. பூட்டியது அவளா என்று அவளுக்கு நினைவில்லை. "நான் வந்திட்டன். திறவும்!"

எழுந்து உட்கார்ந்தாள். எவ்வளவு இலேசாக எழ முடிந்தது. அந்த இலேசு என்னவென்று விளங்க ஒரு கணம் எடுத்தது. சட்டை நேராக மடியில் விழுந்து கிடந்தது. கையை வைத்தாள். தட்டை. மென்மை. வலி இல்லை. இரத்தம் இல்லை. ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. கல்யாணத்துக்கு முதல் இருந்த வயிறு.

"சிவம்! என்ன செய்யிறீர் அங்கை? பிள்ளை என்ன மாதிரி?"

பிடிக்க ஒன்று வேண்டும் போலிருந்தது. பின்னால் கையை நீட்டினாள். மரம்.

நேற்றைக்கு அவள் கைக்குள் அடங்கிய தண்டு. இன்று இடுப்பளவில் பருத்து, பட்டை இறுகி, வழுவழுவென்று உப்பியிருந்தது. சூடாக இருந்தது. வெயில் படாத பக்கம், இருந்தும் சூடாக இருந்தது.

உள்ளங்கையின் கீழ், பட்டைக்கு அடியில், ஒரு சின்னக் குதிகால் உதைத்தது.

"சிவம்! வாருமப்பா! நேரம் போகுது!"

"ஓம்," என்றாள் சிவமலர். "வாறன்."

எழும்பவில்லை. கையை மெல்ல மேலே நகர்த்தினாள். உள்ளே அதுவும் கூடவே நகர்ந்து வந்தது.